ஏழு ராத்தல் பாதரசம்

அமராவதியின் உடம்பில் குன்றிமணி அளவு தங்கம்கூடக் கிடையாது. அந்தச் சாவி அவள் இடுப்பில் தொங்கியதற்கு அதுதான் காரணம்.

செங்கரைப்பட்டி தரும ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஆயா, வாட்ச்மேன் என்று இருபத்திரண்டு பேர். காது, மூக்கு, கழுத்து, விரல் எதிலும் பொட்டுப் பொன் இல்லாதவள் அவள் ஒருத்திதான். அதனால் பின்கட்டில் வேப்பமரத்துக்கு அப்பால் தனியாக நின்ற ஓட்டு அறையை டாக்டரம்மா ஞானமணி அவளிடம் ஒப்படைத்திருந்தார். உடைந்த தெர்மாமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய பெட்டி, யாரோ தருமமாகக் கொடுத்த ஓட்டை பாரோமீட்டர் என்று வயிற்றில் பாதரசம் வைத்திருந்த சாமான் எது கெட்டாலும் நேராக அந்த அறைக்குத்தான் வரும். அவற்றிலிருந்து சிந்தின, வடிந்த பாதரசம் அங்கே ஒரு கண்ணாடிப் போத்தலில் சேர்ந்துகொண்டிருந்தது.

பாதரசத்துக்குத் தங்கத்தின் மேல் தீராத ஆசை. தொட்டால் விடாது. மஞ்சள் செத்து, தங்கம் ஈயம் மாதிரி வெளுத்துப்போகும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நர்ஸ் இன்னாசியம்மாள் தெர்மாமீட்டரை உதறும்போது அது கட்டில் காலில் பட்டு உடைந்தது. சிதறின ரசக் குண்டுகளைக் கையால் பொறுக்கினாள். அதே கையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். சாயங்காலம் பார்த்தால் ஆவூர் மாதா கோயிலில் வைத்துக் கட்டின தாலி வெள்ளை வெளேர் என்று கிடந்தது.

"ஆசாரிக்கிட்டக் குடுத்தா நெருப்புல காட்டி ரசத்தை ஓட்டிருவாரு டாக்டரம்மா," என்று கெஞ்சினாள்.

டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. நெருப்பில் காட்டினால் ரசம் புகையாகும், அந்தப் புகை ஆசாரியின் நெஞ்சுக்குள் போகும். மதராஸில் ஒரு கம்பெனி இருக்கிறது, பத்திரமாகப் பிரித்துத் தங்கத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்றார். விவகாரம் ஆஸ்பத்திரிக் கமிட்டிக்குப் போனது.

கமிட்டி மெம்பர் அய்யாக்கண்ணு மேஜையைத் தட்டினார். "ரசம் பட்ட சாமான் இந்தக் காம்பவுண்டைத் தாண்டப்படாது. தாலியா இருந்தா என்ன, கிரீடமா இருந்தா என்ன? தூக்கிப் போத்தலுக்குள்ள போடுங்க. நெறஞ்சதும் மொத்தமா மதராஸ் போகட்டும்."

"எப்பங்கய்யா திரும்பி வரும்?"

"வரும்போது வரும். போம்மா அங்கிட்டு."

தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையது. அவருக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கமிட்டியில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. காபி கொண்டு வந்த அமராவதிக்கு மட்டும் விளங்கியது. அந்தப் போத்தல் மேல் அவருக்கு அன்றைக்கே கண் விழுந்துவிட்டது. உள்ளே தங்கமும் சேர்ந்தால் கசக்குமா?

அவரை அவள் அறிவாள். ஊரில் வேறு யாரையும்விட நன்றாக அறிவாள்.

*

அய்யாக்கண்ணு கோயில் கலசங்களுக்குத் தங்க முலாம் போடும் கான்டிராக்டர். அமராவதியின் புருஷன் செல்லமுத்து அவர் பட்டறையில் வேலை பார்த்தான்.

தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்து அரைத்தால் வெண்ணெய் மாதிரி ஒரு பசை வரும். அதைச் செம்புக் கலசத்தில் பூசி நெருப்பில் வாட்ட வேண்டும். ரசம் புகையாகப் பறந்துவிடும். தங்கம் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வெட்டவெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்யவேண்டிய வேலை அது. ஐம்பத்தொண்ணாம் வருஷம் பெரிய கலசம் ஒன்று கான்டிராக்டுக்கு வந்தபோது, அய்யாக்கண்ணு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொன்னார். தொழில் ரகசியம் வெளியே போய்விடுமாம்.

மூன்று மாதம். முதலில் செல்லமுத்துவின் ஈறு கசிந்தது. பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. வேட்டியை அவனால் முடிய முடியவில்லை, அமராவதிதான் முடிந்துவிடுவாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். தெருவில் போனால், "காலங்காத்தாலேயே ஏத்திட்டான்டா!" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவர் அய்யாக்கண்ணு.

ஆடி மாதம் செத்துப்போனான். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அய்யாக்கண்ணு கை கட்டிக்கொண்டு சொன்னார்: "நாங்க தங்கத் தகடு ஒட்டுற ஆளுங்க. என் பட்டறைக்குள்ள ரசம்ங்கிற சாமானே வந்தது கிடையாதுங்க. இவன் கள்ளச் சாராயம் குடிச்சுச் செத்தான்."

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. பால் தெளிக்கப் போயிருந்த சனம் திரும்புவதற்குள் வீட்டுப் பானைகளையெல்லாம் கவிழ்த்து முகர்ந்து பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பேர் போய்விட்டது. குடிகாரன் பொண்டாட்டி.

அந்தக் கலசம் ஏறின அன்றைக்குக் கோயிலில் அய்யாக்கண்ணுவுக்குப் பரிவட்டம் கட்டி, ஒரு மோதிரம் போட்டார்கள். கனத்த மோதிரம். மேலே சின்னதாகக் கலசம் செதுக்கியிருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் மேஜையைத் தட்டுவார்.

ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்த பிறகு, செல்லமுத்துவைக் கொன்றது எது என்று டாக்டரம்மாதான் சொன்னார். மேலிடத்துக்கு எழுதியும் பார்த்தார். சாட்சி இல்லை என்று பதில் வந்தது.

அமராவதி அழவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. 'என் பட்டறையில் பாதரசம் இருந்தது' என்று அய்யாக்கண்ணு வாயாலேயே வர வேண்டும். நாலு பேர் கேட்க வர வேண்டும். அதற்காக ஏழு வருஷம் அவர் குடித்த காபி தம்ளரைக் கழுவிக்கொண்டு காத்திருந்தாள்.

*

ஐம்பத்தெட்டு, பங்குனி மாதம். ஒரு திங்கட்கிழமை காலையில் வெளி நோயாளி வரிசையில் ஓர் ஆள் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. அமராவதி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"ஒன் பேரென்னப்பா?"

"இருளாண்டி."

"வாயைத் தொற."

ஈறு நெடுகக் கறுப்பு ஓரம் கட்டியிருந்தது.

"எங்க வேலை?"

"அய்யாக்கண்ணு ஐயா பட்டறைங்க." சொல்லிவிட்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சேர்த்துக்கொண்டான்: "தகடு ஒட்டுற வேலைங்க. ரசம் கிசம் ஒண்ணும் கிடையாதுங்க."

"நான் ரசம்னு கேட்டனா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எத்தனை புள்ளைக?"

"ரெண்டுங்க. மூணாவது வயித்துல."

அவனை வார்டில் படுக்க வைத்தார்கள். நடுங்கும் கையோடு தம்ளரைப் பிடிக்க அவன் பட்ட பாட்டை அமராவதி நின்று பார்த்தாள். பழைய நெருப்பு மறுபடியும் பற்றிக்கொண்டது. இந்தத் தடவை அணையக் கூடாது.

அய்யாக்கண்ணுவுக்குப் புதுக் கான்டிராக்ட் வந்திருந்தது. வெளிநாட்டுச் சாமானுக்குக் கெடுபிடி, கடைவீதியில் பாதரசம் கிடைக்கவில்லை. அவருடைய ஆள் ரெண்டு தடவை பின்கட்டுப் பக்கம் வந்து, "அந்தப் போத்தலு எப்ப மதராஸ் போகுது?" என்று வாட்ச்மேனிடம் கேட்டுவிட்டுப் போனான்.

போத்தல் வெள்ளிக்கிழமை ரயிலேறப் போகிறது. வியாழக்கிழமை கமிட்டி கூடி, சாமான்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆக, அய்யாக்கண்ணுவுக்கு இருப்பது ஒரே நாள்.

அமராவதிக்கும் அதே ஒரே நாள்தான்.

*

வியாழக்கிழமை காலையிலேயே அவள் அறையைத் தயார் செய்தாள். பதினொரு அழுத்தப் பெட்டிகளையும் குழாய் மூடியை முடுக்கி, நிமிர்த்தி, விளிம்பு வைத்த தகரத் தட்டில் வரிசையாக நிறுத்தினாள். பாரோமீட்டரின் காலிக் குழாயைத் துணி சுற்றிக் கட்டினாள். உடைந்த கண்ணாடியெல்லாம் தண்ணீர்ப் பானைக்குள் இருந்தன. கடைசியாகப் போத்தல்.

கெட்டிக் கண்ணாடி, அகல வாய். உள்ளே பாதரசம், அதற்கு மேல் ரெண்டு விரல்கடைத் தண்ணீர். தண்ணீர் நின்றால் ஆவி கிளம்பாது. பார்க்கக் கால் படி ஊறுகாய்ப் போத்தல் அளவுதான். தூக்கினால் ஏழு ராத்தல் கனம். தெரியாதவன் ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு மடங்கிவிடும்.

அந்த அறைக்கு யார் வந்தாலும் அமராவதி நாலு வாக்கியம் சொல்ல வேண்டும். டாக்டரம்மாவின் கட்டளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வருவார்கள் என்பதால் வாயால்தான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் ஒரு தடவைகூட அவள் தவறினது கிடையாது.

பகல் ஒரு மணிக்குக் கமிட்டி சாப்பாட்டுக்கு எழுந்தது. ஒன்றே காலுக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டு அங்கவஸ்திரம், ஜவ்வாது வாசனை, ஒரு கையில் தோல் பை.

"ஏ புள்ள, கதவைத் தொற. மெம்பர் இன்ஸ்பெக்ஷன்."

"டாக்டரம்மா வந்துரட்டுங்களா ஐயா?"

"டாக்டரம்மாவுக்குச் சம்பளம் போடுறது யாரு? நானு. ஒனக்கு?"

"நீங்கதாங்க."

"பெறகென்ன? ஒம் புருஷன் எங்கிட்ட வாங்குன காசையெல்லாம் குடிச்சே தீர்த்தான். நீயாச்சும் விசுவாசமா இரு."

அமராவதியின் விரல் சாவியை அழுத்தின அழுத்தில் உள்ளங்கையில் அச்சு விழுந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கதவைத் திறந்தாள். ஜன்னலையும் திறந்தாள்.

"தங்கத்தைக் கழட்டிட்டுத்தாங்க உள்ள..."

"எனக்கா சொல்லிக் குடுக்கிறே?" அவர் சிரித்தார். மோதிரத்தைக் கழற்றி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். சங்கிலியைத் தூக்கி ஜிப்பாவுக்குள் தள்ளினார். "நீ பொறக்கிறதுக்கு முந்தி எனக்குத் தெரியும், ரசம் தங்கத்தைத் தின்னும்னு."

"காத்தோட்டம் ஆகட்டும், செத்த நேரம் நின்னு போங்க."

"ம்ம்."

"கீழ சிந்துனா வெளக்குமாத்தைத் தொடாதீங்க. ஒரு குண்டு நூறாச் செதறும். என்னையக் கூப்புடுங்க."

"சரி சரி. இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா ஒன் மந்திரத்துல?"

இருந்தது. நாலாவது வாக்கியம். 'வெளிய வந்ததும் கந்தகப்பொடி போட்டு, நகக்கண்ணு வரைக்கும் கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, அப்பறமாத் தங்கத்தைப் போடுங்க.' வாசல் பக்கத்தில் கந்தகப்பொடி டப்பாவும் செம்புத் தண்ணீரும் அதற்காகவே இருந்தன. கண்ணுக்குத் தெரியாத பொடிக் குண்டு கைரேகையில் ஒளிந்திருக்கும். வேலை செய்கிறவனுக்கு அது தெரியும். செல்லமுத்துவுக்குத் தெரியும். வீடு திரும்பினதும் அவன் அமராவதியைத் தொடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கை கழுவுவான், அவள் கழுத்துத் தாலிக்காக. முப்பது வருஷம் அடுத்தவன் கையால் அரைக்க வைத்த அய்யாக்கண்ணுவுக்கு எங்கே தெரியும்?

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் விழுங்கினாள்.

"அவ்வளவுதாங்க ஐயா."

"போய்க் குடிக்கத் தண்ணி கொண்டா. கெணத்துத் தண்ணியா கொண்டா."

கிணறு அந்தக் கோடியில் இருந்தது. எதற்கு அனுப்புகிறார் என்று தெரியாதா? "வாரேங்க," என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். வேப்பமரத்தைத் தாண்டினதும் நின்றாள். திறந்த ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

அய்யாக்கண்ணு போத்தல் மூடியைத் திருகினார். உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்தார். தண்ணீர் வழிந்தது, நாலைந்து குண்டுகள் உருண்டு விழுந்தன. கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ரசம் வாங்குகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற சோதனை அது. அழுக்கு ரசம் ஓடினால் பின்னால் வால் இழுக்கும். சுத்த ரசம் வால் விடாமல் முத்து மாதிரி ஓடும். இது வால் விடவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. குண்டுகளைப் போத்தலுக்குள் தட்டினார். ரெண்டு தட்டில் விழுந்து தெறித்தன. அங்கவஸ்திரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, மூடியை முடுக்கி, போத்தலைத் தோல் பைக்குள் இறக்கினார். தூக்கும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது.

வாசலுக்கு வந்தார். கந்தகப்பொடி டப்பாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜிப்பாப் பைக்குள் கையை விட்டார்.

போடு, என்று அமராவதி மனசுக்குள் சொன்னாள். போட்டுக்க ராசா.

கலசம் செதுக்கின மோதிரத்தை விரலில் மாட்டி, ஒரு தடவை முறுக்கி விட்டுக்கொண்டு, கார் நின்ற பக்கம் நடந்தார்.

*

கமிட்டித் தலைவர் வெள்ளைச்சாமி ரிட்டயரான தாசில்தார். மூக்குப்பொடி போடாமல் ஒரு ஃபைலும் திறக்க மாட்டார். இரண்டே காலுக்குப் பொடியை உறிஞ்சிவிட்டு, பட்டியலைப் பிரித்தார். சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஹால் மேஜையில் வைத்தாள் அமராவதி.

"அழுத்தப் பெட்டி பதினொண்ணு, சரி. பாரோமீட்டர் ஒண்ணு, சரி. ரசப் போத்தல் ஒண்ணு."

"போத்தலைக் காணோமுங்க," என்றாள்.

டாக்டர் ஞானமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்ன அமராவதி இது? சாவி ஒங்கிட்டத்தானே இருந்துச்சு?"

"எங்கிட்டத்தான் டாக்டரம்மா இருந்துச்சு."

நர்ஸ் இன்னாசியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் போத்தலுக்குள் அவள் தாலி இருந்தது.

அய்யாக்கண்ணு இதற்காகவே காத்திருந்தவர். துள்ளி எழுந்தார். "நான் அப்பவே சொல்லலை? வேலியில போன ஓணானுகளையெல்லாம் கொண்டாந்து சாவி குடுத்தா இப்படித்தான்! புருஷன் குடிச்சே அழிஞ்சான். இவ திருடியே அழிவா. தலைவரே, போலீஸுக்குச் சொல்லி அனுப்புங்க. இந்தா நிக்கிறாளே, இவதான் திருடி!"

கையை நீட்டி, அவள் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினார்.

"ஐயோ!" என்று கத்தியது இன்னாசியம்மாள்.

"என்னம்மா?" என்றார் தலைவர்.

"ஐயா விரலு... ஐயா மோதிரத்தைப் பாருங்க! என் தாலி வெளுத்த மாதிரியே..."

எல்லார் கண்ணும் அந்த விரலில் விழுந்தது. உள்ளங்கைப் பக்கம் தொடங்கி, பட்டை நெடுக ஏறி, செதுக்கின கலசத்தின் அடிவரைக்கும் வெள்ளை படர்ந்திருந்தது. மஞ்சள் நுனியில் கொஞ்சம்தான் மிச்சம். அய்யாக்கண்ணு கையை மடக்கினார். மடக்கினது இன்னும் மோசமாகப் போயிற்று.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "தங்கத்தை இப்படி வெளுக்க வைக்கிற சாமான் இந்தச் சுத்துவட்டாரத்துலயே எங்க ரூம்லதான் இருக்கு. ஐயா அங்க போனீங்களா?"

"நான் ஏன் போறேன்? நான் கார்ல படுத்திருந்தேன்!"

"அப்ப இது எங்க பட்டது?" தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

அமராவதி ஒரு எட்டு முன்னால் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணு, எங்க ரூம்ல பட்டிருக்கணும். இல்லேன்னா வேற எங்கயாச்சும் ரசம் இருந்து அங்க பட்டிருக்கணும். எங்கன்னு ஐயாதான் சொல்லணும்."

அய்யாக்கண்ணுவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. ஆஸ்பத்திரிப் போத்தலைத் திருடியவன் என்றால் கமிட்டி போகும், கான்டிராக்ட் போகும், போலீஸ் வரும். தப்பிக்க ஒரே ஒரு வழிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் பாய்ந்தார்.

"என் பட்டறையில பட்டதுய்யா! காலையில ரசம் அரைக்கிற கல்லுல கையை வச்சுட்டேன். என் பட்டறையில இல்லாத ரசமா? இந்தப் பிச்சைக்காரப் போத்தலுக்கா நான் வரணும்?"

அமராவதி கண்ணை மூடித் திறந்தாள். ஏழு வருஷம். வந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்கய்யா. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"என்னடி கேக்கணும்? என் பட்டறையில ரசம்..." பாதியில் நின்றார். அப்போதுதான் உறைத்தது.

"எத்தனை வருசமா அரைக்கிறீங்க?" என்றாள் அவள். "எம் புருஷன் காலத்துல இருந்தா? ரசம்ங்கிற சாமானே பட்டறைக்குள்ள வந்ததில்லைன்னு விசாரணையில கை கட்டிச் சொன்னீங்களே, அது யாரு வாயி?"

"இவ என்னமோ..."

"தகடு ஒட்டலைங்க."

எல்லாரும் திரும்பினார்கள். ஹால் வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு இருளாண்டி நின்றான். பிடித்த கையோடு கதவும் சேர்ந்து ஆடியது. "ரசந்தாங்க. சன்னலைச் சாத்திட்டுத்தாங்க வாட்டுவோம். வெளிய சொன்னா வேலை போயிரும்னு ஐயா சொன்னாக."

வெள்ளைச்சாமி இன்னொரு சிட்டிகைப் பொடி போட்டார். அவசரமே இல்லை. "அய்யாக்கண்ணு, ஒம்ம தோல் பை எங்கேய்யா?"

"எதுக்கு?"

"சும்மா பாக்கத்தான்."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள், வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற அவருடைய டிரைவர் போய்ப் பையைக் காரிலிருந்து எடுத்துவிட்டான். "ஏங்கய்யா, இதுக்குள்ள அம்மிக் குழவியா வச்சிருக்கீங்க?" என்று முனகிக்கொண்டே தூக்கிவந்து மேஜையில் வைத்தான். உள்ளேயிருந்து போத்தல் வெளியே வந்தது. அடியில் வெள்ளிக் குளமாகப் பாதரசம்.

ஒன்றிலிருந்து தப்பிக்க இன்னொன்றைச் சொன்னவர், ரெண்டிலும் அகப்பட்டு நின்றார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். யாரும் நாற்காலியை நகர்த்திக் கொடுக்கவில்லை.

தலைவர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். தாசில்தார் எழுத்து, கோணாமல் ஓடியது. பட்டறையில் பாதரசம், சாத்தின ஜன்னல், இருளாண்டியின் வாக்குமூலம், போத்தல், தோல் பை. முடிக்கும்போது அமராவதி கேட்டாள்: "ஒரு வரி சேக்கணுமுங்க."

"சொல்லும்மா."

"செல்லமுத்து குடிச்சுச் சாகலை."

பேனா நின்றது. தலைவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் தலையை அசைத்தார். அந்த வரியும் ஏறியது. டாக்டரம்மா கீழே கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

அய்யாக்கண்ணு எழுந்தார். "சரி, கோர்ட்டுல பாத்துக்கிறேன். எவ்வளவோ பாத்தாச்சு." வாசலுக்குத் திரும்பினார்.

"ஐயா நில்லுங்க," என்றாள் அமராவதி.

"இன்னும் என்னடி?"

"மோதிரம்."

"என்ன மோதிரம்?"

"ரசம் பட்ட சாமான் இந்தக் காம்பவுண்டைத் தாண்டப்படாது. தாலியா இருந்தா என்ன, கிரீடமா இருந்தா என்ன? தீர்மானம் இருக்கு. மொதக் கையெழுத்து ஒங்களது."

தலைவர் பழைய நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினார்.

மோதிரம் லேசில் வரவில்லை. அவ்வளவு நேரம் மடக்கி வைத்திருந்ததில் விரல் வீங்கியிருந்தது. இன்னாசியம்மாள் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், ஊற்றின வேகத்தில் பட்டு அங்கவஸ்திரமும் நனைந்தது. ஒரு வழியாகக் கழன்று வந்ததை அமராவதி காகித அட்டையில் வாங்கினாள். போத்தல் மூடியைத் திறந்தாள்.

பாதரசத்தில் இரும்பு ஆணியைப் போட்டால் மிதக்கும். தங்கம் முங்கும். கலசம் ஏறின அன்றைக்குப் போட்ட மோதிரம் தண்ணீரைத் தாண்டி, வெள்ளிப் பரப்பில் ஒரு நொடி தயங்கி, உள்ளே போய் மறைந்தது. மேலே ஒரு சுழிகூட மிஞ்சவில்லை.

"எப்ப..." அய்யாக்கண்ணு போத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். "எப்பத் திரும்பி வரும்?"

இன்னாசியம்மாள் முந்திக்கொண்டாள். "வரும்போது வரும். போங்க அங்கிட்டு."

*

சாயங்காலம் அமராவதி அறைத் தட்டில் தெறித்திருந்த குண்டுகளை அட்டையால் ஒதுக்கிச் சேர்த்தாள். எட்டாத இடுக்கில் கந்தகப்பொடியைத் தூவினாள். போத்தல் வாயை மெழுகு ஊற்றி அடைத்து, உமி நிரப்பின பெட்டிக்குள் இறக்கினாள். டாக்டரம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமராவதி, நாலாவது வாக்கியத்தை அவர்கிட்டச் சொன்னியா?"

"சொல்லலைங்க."

"மறந்துட்டியா?"

"இல்லைங்க. முழுங்கிட்டேன்."

டாக்டரம்மா கையை நீட்டினார். "சாவியைக் குடு. இந்த ரூமுக்கு வர்றவன் கொலைகாரனா இருந்தாலும் நாலையும் சொல்லணும். அதுக்குத்தான் ஒன்னைய வச்சேன்."

அமராவதி இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். அது போகும் என்று தெரிந்துதான் விழுங்கினாள். ஒரு சாவி போனால் போகட்டும்.

"இனிமே யாருங்க பாத்துக்கிறது?"

"இன்னாசியம்மாள். அவ கழுத்துலயும் இப்பத் தங்கம் இல்லையே."

"அதுவும் சரிதாங்க." வாசல் டப்பாவிலிருந்து கந்தகப்பொடியைக் கையில் கொட்டிக்கொண்டாள் அமராவதி. ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும், செல்லமுத்து கழுவுகிற மாதிரியே நிதானமாகத் தேய்த்துக் கழுவினாள்.

கழுவி முடித்ததும் முந்தானையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "டாக்டரம்மா, அந்தத் தாளுக்கு நகல் ஒண்ணு எழுதித் தருவீங்களா? எம் பேருக்கு வேண்டாம். அன்னிக்கு என் பானையைக் கவுத்த போலீஸ் ஸ்டேஷன் பேருக்கு."